மறுபடி நிரப்ப முடியாத பாட்டில் ஏன் இன்னும் வரவில்லை?

கொருக்குப்பேட்டை, தண்டையார்பேட்டை, வியாசர்பாடி பக்கம் எந்தக் காயலான் கடைக்குப் போனாலும் பாட்டில்கள் தரம் பிரிந்து கிடப்பதைப் பார்க்கலாம். பீர் பாட்டில் ஒரு மூட்டை, குவார்ட்டர் ஒரு மூட்டை, பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில் தனி மூட்டை. உடைந்த கண்ணாடி எடைக்குப் போகும். முழுப் பாட்டில் எண்ணிக்கைக்குப் போகும்; கழுவிய பிறகு மறுபடி எதையாவது சுமக்கும். வீடுகளிலும் அப்படித்தான். கூல்டிரிங்ஸ் பாட்டிலில் ஃபிரிட்ஜ் தண்ணீர், ஜாம் பாட்டிலில் ஊறுகாய், தண்ணீர் பாட்டிலில் செக்கு எண்ணெய். வட சென்னையில் ஒரு பாட்டில் சும்மா காலியாகக் கிடப்பது கொஞ்ச நாள்தான்.

இந்தப் பழக்கத்தை நான் மதிக்கிறேன். கொடுங்கையூர் குப்பைமேட்டைப் பார்த்து வளர்ந்த யாருக்கும், ஒரு பொருள் மறுபடி பயன்படுவது எவ்வளவு பெரிய விஷயம் என்று சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் இதே பழக்கத்தின் மறைவில்தான் கலப்படமும் நடக்கிறது. பேர்பெற்ற பிராண்டு பாட்டிலில் மட்டமான சரக்கு, கம்பெனி டப்பாவில் பழைய எஞ்சின் ஆயில், சீல் வைத்த கேனில் குழாய்த் தண்ணீர். இவை எல்லாவற்றுக்கும் முதல் தேவை ஒரு நிஜமான காலிப் பாட்டில். அப்படியானால் காலியானதும் மறுபடி நிரப்பவே முடியாத பாட்டில் ஒன்றைச் செய்துவிட்டால் போதுமே என்று தோன்றுவது இயல்பு. நூறு வருஷத்துக்கும் மேலாகப் பலர் அதற்காக மண்டையை உடைத்துக்கொண்டிருக்கிறார்கள். அது ஏன் முழுசாகக் கைகூடவில்லை, கைகூடிய இடங்களில் அதற்கு என்ன விலை கொடுத்தோம் என்று பார்ப்போம்.

19ஆம் நூற்றாண்டின் கடைசியில் அமெரிக்க விஸ்கி கம்பெனிகளுக்கு இதே தலைவலி இருந்தது. நல்ல பிராண்டு பாட்டில் காலியானதும் பார்க்காரர் அதில் மலிவான சரக்கை ஊற்றி, பழைய விலைக்கே விற்பார். கெட்ட பேர் மட்டும் கம்பெனிக்கு வரும். மறுபடி நிரப்ப முடியாத பாட்டிலைக் கண்டுபிடிப்பவர் ஒரே நாளில் பணக்காரர் ஆகலாம் என்ற நம்பிக்கையில் நூற்றுக்கணக்கான பேர் காப்புரிமை வாங்கினார்கள். உலகக் காப்புரிமை வகைப்பாட்டில் இன்றும் இதற்கென்றே ஒரு தனிப் பிரிவு இருக்கிறது: பி65டி 49. அதன் உட்பிரிவுகளைப் பார்த்தாலே, யோசித்தவர்கள் எல்லாரும் இரண்டு வழிகளில்தான் போயிருக்கிறார்கள் என்று தெரியும். ஒன்று வால்வு. இன்னொன்று, திறக்கும்போதே ஏதோ ஒரு முக்கியமான பாகம் உடைந்துபோவது.

வால்வை முதலில் எடுத்துக்கொள்வோம். கஷ்டம் பெரும்பாலும் அங்கேதான் இருக்கிறது.

பாட்டிலிலிருந்து திரவம் வெளியே வர வேண்டுமென்றால், வந்த அளவுக்குக் காற்று உள்ளே போக வேண்டும். சாய்த்து ஊற்றும்போது வருகிற களக் களக் சத்தம் இந்தப் பரிமாற்றம்தான். காற்றுக்கு வழி இல்லாவிட்டால் கொஞ்சம் சொட்டிவிட்டு நின்றுவிடும். ஆகவே ஒரு பக்கம் மட்டும் திறக்கும் சாதாரண வால்வு இங்கே உதவாது. திரவம் வெளியே மட்டும் போக வேண்டும், காற்று உள்ளே மட்டும் வர வேண்டும், இரண்டும் ஒரே நேரத்தில், அந்தக் குறுகிய கழுத்துக்குள் நடக்க வேண்டும். நிரப்பும்போது நடப்பது இதற்கு நேர்மாறு: திரவம் உள்ளே, காற்று வெளியே. முதலாவதை அனுமதித்து இரண்டாவதை மறிக்க வேண்டும். இதைச் செய்ய வடிவமைப்பவர் கையில் இருப்பவை மூன்றே: எடை, அழுத்தம், பாட்டிலின் சாய்வு.

நடைமுறையில் பரவலாக நிலைத்தது குண்டு வைத்த வடிவம். ஃபுல் பாட்டில் விஸ்கி சிலவற்றில் மூடியைத் திருகி எடுத்தால் கழுத்துக்குள் ஒரு பிளாஸ்டிக் குழல் தெரியும். பாட்டிலை ஆட்டினால் உள்ளே ஒரு குண்டு டக் டக் என்று உருளும். பாட்டில் நிமிர்ந்திருக்கும்போது அந்தக் குண்டின் எடை கீழே உள்ள வால்வை அழுத்தி மூடிவிடும். சாய்த்தால் குண்டு வாய்ப்பக்கம் உருளும், வால்வு தளரும், திரவம் வெளியே வரும், ஓரத்தில் விட்ட பள்ளங்கள் வழியாகக் காற்று உள்ளே போகும். நிமிர்த்தி வைத்து மேலிருந்து ஊற்றிப் பார்த்தால், ஊற்றுகிற திரவத்தின் எடையே வால்வை இன்னும் இறுக்கிவிடும். 1954இல் இத்தாலியின் அலெஸாண்ட்ரியாவில் தொடங்கிய குவாலா என்ற கம்பெனி இந்த மாதிரி மூடிகளால் உலகம் முழுக்கப் பேர் வாங்கியது. கோவாவிலும் அதற்குத் தொழிற்சாலை உண்டு.

குண்டு என்றதும் நமக்கு வேறொரு பாட்டில் ஞாபகம் வரும். கோலி சோடா. 1872இல் ஹைரம் காட் என்ற ஆங்கிலேயர் காப்புரிமை பெற்ற வடிவம் அது. அங்கே கோலியைப் பிடித்து நிறுத்துவது உள்ளே இருக்கும் வாயுவின் அழுத்தம்; அது கோலியைக் கழுத்தில் உள்ள ரப்பர் வாஷரோடு சேர்த்து மேல்நோக்கி நெருக்குகிறது. கட்டை விரலால் அமுக்கினால் திறந்துகொள்ளும். திறந்த பாட்டிலைக் கழுவி, கம்பெனியில் தலைகீழாகக் கவிழ்த்து வாயுவோடு நிரப்பினால் கோலி மறுபடி தன் இடத்தில் உட்கார்ந்துவிடும். மூடியும் பாட்டிலும் ஒன்றே என்பதால் ஒரு துண்டுகூடக் குப்பைக்குப் போவதில்லை. எண்ணற்ற தடவை நிரப்புவதற்காகவே பிறந்த பாட்டிலும், ஒரு தடவைக்கு மேல் நிரப்பக்கூடாது என்பதற்காகச் செய்த பாட்டிலும் ஒரே மாதிரி உருண்டையை நம்பி இருப்பதை நினைத்தால் எனக்கு ஆச்சரியம்தான். எந்தப் பக்கமிருந்து அழுத்தம் வருகிறது என்பதுதான் வித்தியாசம்.

சரி, வால்வு வந்துவிட்டதே, அப்புறம் என்ன பிரச்சினை? நிரப்புகிறவர் பக்கமிருந்து யோசித்தால் தெரியும். நேராக ஊற்றினால் போகாது, ஆகவே சாய்த்துப் பிடித்து ஊற்றிப் பார்ப்பார். அதைத் தடுக்க, வாய் நன்றாகக் கீழே சாயும்வரை குண்டு நகராதபடி அதன் கூண்டைச் சரிவாகச் செய்கிறார்கள். அடுத்ததாக, பாட்டிலை முழுசாகக் கவிழ்த்துத் தொட்டிக்குள் அமுக்கிப் பார்ப்பார். தலைகீழாகச் சொம்பைத் தண்ணீருக்குள் அமுக்கினால் உள்ளே தண்ணீர் ஏறாது இல்லையா, அதே மாதிரி உள்ளிருக்கும் காற்று தடுத்துவிடும். ஆனால் பாட்டிலுக்குள் இருக்கும் காற்றை முதலில் உறிஞ்சி எடுத்துவிட்டு அமுக்கினால், வெளிக்காற்றின் அழுத்தமே திரவத்தை உள்ளே தள்ளிவிடும். அதற்கும் மாற்று இருக்கிறது: உள்நோக்கித் திரவம் ஏறும்போது மிதந்து வந்து அடைத்துக்கொள்ளும் ஒரு சின்னத் துண்டு. இப்படி ஒவ்வொரு தந்திரத்துக்கும் ஒரு பாகம் கூடும். ஒவ்வொரு பாகமும் மூடியின் விலையைக் கொஞ்சம் ஏற்றும், ஊற்றும் வேகத்தைக் கொஞ்சம் குறைக்கும். காசு கொடுத்து வாங்கியவர், ஒழுங்காக ஊற்றக்கூட முடியவில்லை என்று சலித்துக்கொள்வார்.

இத்தனையும் வால்வை ஏமாற்றும் வழிகள். வால்வைச் சீண்டாத வழிகளும் உண்டு. பிளாஸ்டிக் சூட்டில் இளகும், குழலையே கழற்றிவிடலாம். கண்ணாடியின் அடியில் துளை போட்டு அடைக்கலாம். எல்லாவற்றையும்விட எளிது, புது மூடி வாங்கிவிடுவது. போலி மூடி அச்சடித்துக் கிடைக்கிறது என்றால், அத்தனை நுணுக்கமான வால்வும் வீண். நூறு வருஷக் காப்புரிமைகளும் வந்து முட்டி நின்றது இந்த இடத்தில்தான் என்பது என் கருத்து. பாட்டிலோடு சண்டை போட்ட கண்டுபிடிப்பாளர்கள், மூடி என்பது தனியாகக் கடையில் கிடைக்கும் சரக்கு என்பதைக் கணக்கில் கொண்டுவர ரொம்ப நாள் ஆயிற்று.

உடைகிற வழி இதைவிட எளிமையானது. அதன் சுத்தமான வடிவம் ஊசி மருந்து வரும் ஆம்பூல். 1886இல் பிரெஞ்சு மருந்தாளர் ஸ்டானிஸ்லாஸ் லிமூசின் செய்தது. கண்ணாடியையே உருக்கி வாயை மூடிவிடுவார்கள். திறக்க வேண்டுமென்றால் கழுத்தை ஒடிக்க வேண்டும். ஒடித்ததை ஒட்ட முடியாது. தண்ணீர் பாட்டில் மூடியின் அடியில் கிழிந்து தனியாக நிற்கும் வளையம், குவார்ட்டரின் அலுமினிய மூடியைத் திருகும்போது பிளந்துகொள்ளும் கோடு, மருந்துக் குப்பியின் மேல் எகிறி வரும் பிளாஸ்டிக் தொப்பி, ஆயில் டப்பாவின் வாயில் ஒட்டியிருக்கும் அலுமினியத் தகடு எல்லாம் இந்த வம்சம்தான். இவை நிரப்புவதைத் தடுப்பதில்லை. ஏற்கெனவே திறந்தாகிவிட்டது என்பதைக் காட்டிக்கொடுக்கின்றன. வாங்குகிறவர் பார்க்க வேண்டும், அவ்வளவுதான் நிபந்தனை. அவசரத்தில் யார் பார்க்கிறார்கள் என்பது வேறு விஷயம்.

மறுபடி நிரப்ப முடியாத பாத்திரம் ஒன்று நிஜமாகவே வெற்றி பெற்ற இடம் பாட்டில் உலகத்துக்கு வெளியே இருக்கிறது. ராயபுரம் ஆர்.எஸ்.ஆர்.எம். மருத்துவமனையில் பிறந்த குழந்தையைத் தடுப்பூசிக்குத் தூக்கிப்போன தாய்மார்கள் அதைப் பார்த்திருப்பார்கள், கவனித்திருக்க மாட்டார்கள். ஒரு தடவை மருந்தை இழுத்து, ஒரு தடவை தள்ளிவிட்டால், அந்த சிரிஞ்சின் தண்டு பூட்டிக்கொள்ளும். மறுபடி இழுத்தால் வராது. பலமாக இழுத்தால் ஒடியும். ஒரே ஊசியைப் பலருக்குப் போட்டதால் எய்ட்ஸ் கிருமி பரவும் என்ற செய்தியை 1984இல் படித்த மார்க் கோஸ்கா என்ற பிரிட்டிஷ்காரர் இப்படி ஒரு வடிவத்தில் இறங்கினார். உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் ஐ.நா. மக்கள்தொகை நிதியமும் 1999இல் சேர்ந்து ஓர் அறிக்கை விட்டன: 2003 முடிவதற்குள் தடுப்பூசித் திட்டங்களில் இந்த வகை சிரிஞ்சு மட்டுமே இருக்க வேண்டும் என்று. இன்று நம் அரசுத் தடுப்பூசித் திட்டத்திலும் இதுதான்.

சிரிஞ்சில் முடிந்தது பாட்டிலில் ஏன் முடியவில்லை? சிரிஞ்சின் வாழ்க்கை இரண்டே அசைவு. உள்ளே ஒன்று, வெளியே ஒன்று. தண்டு எங்கே நிற்கிறது என்பதே, வேலை முடிந்ததா இல்லையா என்பதைச் சொல்லிவிடும். பாட்டில் அப்படி இல்லை. இன்று ஒரு பெக், நாளை இரண்டு பெக், அடுத்த வாரம் மீதி. ஐம்பது தடவை திறந்து மூடிய பிறகும் அது வேலை செய்ய வேண்டும், ஐம்பத்தோராவது தடவை ஏமாற்றுக்காரன் கையில் மட்டும் செய்யக்கூடாது. தான் எவ்வளவு காலியாகி இருக்கிறோம் என்று பாட்டிலுக்குத் தெரிய வழியில்லை. பாட்டில் பிரச்சினையின் முடிச்சு இதுதான் என்று நினைக்கிறேன். குவார்ட்டர் பாட்டிலுக்கு வால்வு தேவைப்படாததன் காரணமும் இதில் இருக்கிறது. ஒரே உட்காரலில் முடிந்துவிடும் பாட்டில் கிட்டத்தட்ட சிரிஞ்சு மாதிரிதான். மூடி ஒரு தடவை பிளந்தால் போதும். வாரக்கணக்கில் பார் அலமாரியில் நிற்கும் ஃபுல் பாட்டிலுக்குத்தான் குண்டும் கூண்டும்.

நிரப்ப முடியாத பாத்திரம் வெற்றி பெற்ற இன்னொரு இடம் ஏ.சி. மெக்கானிக்குகள் கையில் இருக்கிறது. குளிர்பதன வாயு வரும் 13.6 கிலோ சிலிண்டர்களில் ஒரு வகை, ஒரே தடவை பயன்படுத்துவதற்கென்று செய்தது. சுவர் மெல்லிசு. வால்வுக்குள் வாயுவை வெளியே மட்டும் விடும் தடுப்பு. அமெரிக்காவில் அந்தச் சிலிண்டரின் மேலேயே எச்சரிக்கை அச்சிட்டிருக்கும்: மறுபடி நிரப்பி எடுத்துச் சென்றால் 5 லட்சம் டாலர் வரை அபராதம், 5 வருஷம் வரை சிறை. பயத்துக்குக் காரணம் இருக்கிறது. காலி சிலிண்டரில் காற்றை அடைத்து வைத்துக்கொள்ளலாம் என்று யாராவது நினைத்தால், காற்றோடு வரும் ஈரம் உள்ளே துருப்பிடிக்க வைத்து, ஒருநாள் வெடித்துவிடும். ஆனால் பாருங்கள், ஐரோப்பிய ஒன்றியம் இதே சிலிண்டரை 2007இல் சந்தையிலிருந்து தடை செய்தது. நிரப்பித் திருப்பிக் கொடுக்க வழியில்லாத சிலிண்டர் குப்பைக்குத்தான் போகும். அடியில் தங்கிய மிச்ச வாயு வெளியே கசியும். அந்த வாயுக்களில் பல, பூமியைச் சூடாக்குவதில் கார்பன் டை ஆக்சைடைவிட ஆயிரம் மடங்குக்கும் மேலே. ஒருவர் பாதுகாப்புக்காக நிரப்பவே கூடாது என்று சட்டம் போட்ட சிலிண்டரை இன்னொருவர் சுற்றுச்சூழலுக்காக ஒழித்தார். இரண்டு பேர் காரணமும் நியாயம்தான்.

அமெரிக்க மதுப் பாட்டிலிலும் இது ஒருமுறை நடந்தது. 1933 டிசம்பரில் மதுவிலக்கு முடிந்ததும் அரசாங்கம் வால்வை நம்பவில்லை, சட்டத்தை நம்பியது. இந்தப் பாட்டிலை மறுபடி விற்பதும் பயன்படுத்துவதும் மத்திய சட்டப்படி குற்றம் என்ற வாசகத்தைக் கண்ணாடியிலேயே வார்க்க வேண்டும் என்று 1935இலிருந்து 1964 வரை விதி இருந்தது. கிட்டத்தட்ட முப்பது வருஷம், ஒரு குறையும் இல்லாத கண்ணாடிப் பாட்டில்கள் ஒரே தடவைக்குப் பிறகு வீணாயின. கள்ளச் சரக்கை ஒடுக்குவதற்கு அவர்களுக்கு அது தேவையாக இருந்திருக்கலாம். கண்ணாடியை உருக்க 1,500 டிகிரி செல்சியஸ் பக்கம் சூடு வேண்டும் என்பதையும் சேர்த்து யோசித்தால் மனசு ஒப்பவில்லை.

நம் பக்கம் வருவோம். டாஸ்மாக் பாட்டில்கள் காட்டிலும் மலையிலும் உடைந்து கிடந்து யானைகளின் காலைக் கிழிக்கின்றன என்ற கவலையில் சென்னை உயர் நீதிமன்றம் தலையிட்டு, 2022இல் நீலகிரியில் ஒரு திட்டம் தொடங்கியது. பாட்டிலுக்கு 10 ரூபாய் கூடுதலாக வாங்கிக்கொண்டு, காலிப் பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தால் அந்த 10 ரூபாயைத் தந்துவிடுவார்கள். பிறகு மற்ற மாவட்டங்களுக்கும் அது விரிந்தது. இந்த ஏற்பாட்டுக்கு அடிப்படையே, பாட்டில் திரும்பி வர வேண்டும் என்பதுதான். திரும்பி வந்த பாட்டில் முறையான ஆலையில் கழுவி நிரப்பப்பட்டால் எல்லாருக்கும் லாபம். உருக்கினால் கொஞ்சம் லாபம். ஒரு பக்கம் நிரப்பவே முடியாத பாட்டில் வேண்டும் என்றும், இன்னொரு பக்கம் பாட்டில் திரும்பி வர வேண்டும் என்றும் ஒரே சமயத்தில் ஆசைப்படுகிறோம்.

எனக்குத் தோன்றுவது இதுதான். பாட்டிலை விட்டுவிடுவோம், அது எத்தனை தடவை வேண்டுமானாலும் நிரம்பட்டும். திறக்காத பாட்டில் மாதிரி அதை மறுபடி ஜோடிப்பதைத்தான் முடியாமல் செய்ய வேண்டும். பழைய பாட்டிலில் செக்கு எண்ணெய் வாங்கிப்போகும் அம்மாவுக்கும், காலிப் பாட்டிலில் போலி மருந்தை ஊற்றுபவனுக்கும் உள்ள வித்தியாசம் அந்த ஜோடனையில் இருக்கிறது. முந்தையவருக்கு சீல் தேவையே இல்லை. பிந்தையவன் சீல் இல்லாமல் ஒரு பாட்டில்கூட விற்க முடியாது.

இந்த ஆபத்து மதுவில் மட்டும் என்று நினைத்துவிடக்கூடாது. 2024 மார்ச்சில் டில்லி போலீஸ் ஒரு கும்பலைப் பிடித்தது. விலை உயர்ந்த புற்றுநோய் மருந்தின் காலிக் குப்பிகளை மருத்துவமனைகளிலிருந்து சேகரித்து, பூஞ்சைத் தொற்றுக்குத் தரும் மருந்தை ஊற்றி, மறுபடி அதே புற்றுநோய் மருந்தாக விற்றிருக்கிறார்கள். சாகக் கிடக்கும் நோயாளியின் வீட்டார் நகையை அடகு வைத்து வாங்கும் மருந்து அது. இதைப் படித்துவிட்டு அமைதியாக இருக்க முடியவில்லை. அங்கே வால்வு எதுவும் தோற்கவில்லை. காலிக் குப்பியை நொறுக்க வேண்டிய கை நொறுக்கவில்லை, விற்றுவிட்டது.

காலிப் பாட்டிலுக்கு என்ன விலை சொல்கிறார்கள் என்பதைக் கவனித்தால் எங்கே தப்பு நடக்கிறது என்று பெரும்பாலும் கண்டுபிடித்துவிடலாம். கண்ணாடிக்கும் பிளாஸ்டிக்குக்கும் எடைக்கு இவ்வளவு என்று ஒரு கணக்கு இருக்கிறது. அந்தக் கணக்கைத் தாண்டி, மூடியோடு வேண்டும், லேபிள் கிழியாமல் வேண்டும், அட்டைப்பெட்டி இருந்தால் இன்னும் நல்லது என்று ஒருவர் கூடுதல் காசு தர முன்வந்தால், அவர் வாங்குவது கண்ணாடியை இல்லை.

பாட்டிலால் தடுக்க முடியாத சாவுகளும் உண்டு என்பதையும் சொல்லிவிட வேண்டும். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் 60க்கும் மேற்பட்டவர்களைக் கொன்ற மெத்தனால் சாராயம் பிளாஸ்டிக் பாக்கெட்டில் விற்றது. அங்கே போலி சீலுக்கோ மூடிக்கோ வேலையே இல்லை. குடித்தவர்களுக்கு அது கள்ளச் சாராயம் என்று தெரியும். அதில் மெத்தனால் இருந்தது மட்டும்தான் தெரியாது. எவ்வளவு நல்ல மூடியும் அவர்களைக் காப்பாற்றியிருக்காது.

மூடி காப்பாற்றக்கூடிய இடங்களிலாவது அதைச் சரியாகச் செய்யலாம். சில வேலைகள் கம்பெனி கையில் இருக்கின்றன: பிளந்த அலுமினிய மூடியை மறுபடி உருட்டிப் பொருத்த முடியாதபடி செய்வது, லேபிளை உரித்தால் துண்டு துண்டாகக் கிழியும் காகிதத்தில் அச்சிடுவது, ஒவ்வொரு மூடிக்கும் தனி எண் கொடுத்து ஒரு தடவை சரிபார்த்த எண் மறுபடி செல்லாதபடி வைப்பது. தண்ணீர் கேனைப் பொறுத்தவரை, வீட்டு வாசலில் இறக்கும்போதே மூடிமேல் இருக்கும் பிளாஸ்டிக் உறை இறுக்கமாக, கிழியாமல் இருக்கிறதா, அதில் தயாரித்த தேதி இருக்கிறதா என்று பார்ப்பது நம் வேலை. கேன் போடுகிற தம்பி அவசரப்படுவார், பரவாயில்லை. மருத்துவமனையில் மருந்தை ஏற்றி முடித்ததும் குப்பியின் லேபிளைப் பேனாவால் குறுக்கே கிறுக்கச் சொல்லி நோயாளியின் வீட்டார் கேட்கலாம்.

வீட்டில் காலியாகும் பாட்டிலுக்கு இன்னும் எளிது. லேபிளைக் கிழித்து, மூடியின் வளையத்தை வெட்டி, மூடியைத் தனியாகப் போட்டுவிட்டுப் பாட்டிலை மட்டும் காயலான் கடைக்குக் கொடுக்கலாம். கடைக்காரருக்குக் கண்ணாடியின் காசு குறையாது. பினாயில், ஆசிட் மாதிரிப் பொருளைக் குடிக்கும் பாட்டிலில் வாங்குவதை மட்டும் அடியோடு நிறுத்திவிட வேண்டும். குழந்தைக்குப் பாட்டில்தான் தெரியும், உள்ளே இருப்பது தெரியாது. டாஸ்மாக் கவுன்ட்டரில் 10 ரூபாயைத் திருப்பிக் கொடுக்கும்போது பாட்டிலோடு மூடியையும் கேட்டு வாங்கி, அங்கேயே ஒரு கை இயந்திரத்தில் நசுக்கிவிட்டால், மூடி அலுமினியமாக உருக்குவதற்குப் போகும், பாட்டில் ஆலைக்குப் போகும். இதற்குப் புதுக் காப்புரிமை எதுவும் தேவையில்லை.